கர்த்தருடைய நாளும் ஓய்வுநாளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளைவிட அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர்தான் அதிகம் கேள்வி கேட்கிறார்கள். கத்தோலிக்க உறவினர்கள், ஏற்காட்டு எஸ்டேட்டுகளிலிருந்து இறங்கி வருகிறவர்கள், சனிக்கிழமை ஆராதிக்கும் நண்பர்கள் என்று யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் "கர்த்தருடைய நாள்" என்ற சொல்லில் வந்து நிற்கிறது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். வசனங்கள் எல்லாம் நம் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

கர்த்தருடைய நாள்னா என்னங்க, ஞாயித்துக்கிழமைதானே?

ஆமாம், ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் "ஞாயிறு" என்பது கிழமையின் பெயர், ஊரெல்லாம் சொல்வது. "கர்த்தருடைய நாள்" சபை வைத்த பெயர். இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள் என்று நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. அதனால் அந்த நாள் அவருக்குரிய நாள் ஆயிற்று.

வேதத்தில் இந்தப் பொருளில் இந்தச் சொல் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. பத்மு தீவில் இருந்த யோவான், "கர்த்தருடைய நாளில் ஆவிக்குள்ளானேன்" என்கிறார் (வெளி. 1:10). எந்தக் கிழமை என்று அவர் சொல்லவில்லை. கேட்பவர்களுக்குத் தெரியும் என்ற தைரியத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். மற்ற இடங்களில் புதிய ஏற்பாடு "வாரத்தின் முதல்நாள்" என்றுதான் சொல்கிறது.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சு?

கிரேக்கத்தில் "குரியோஸ்" என்றால் உடையவர், எஜமான், ஆண்டவர். அதிலிருந்து வந்த உரிச்சொல் "குரியாக்கோஸ்", அதாவது ஆண்டவருக்குரிய. புதிய ஏற்பாட்டில் இந்த உரிச்சொல் மொத்தம் இரண்டே முறை வருகிறது. ஒன்று, மேலே சொன்ன நாள். மற்றொன்று, 1 கொரிந்தியர் 11:20-இல் வரும் "கர்த்தருடைய இராப்போஜனம்". ஆண்டவருக்குரிய பந்தி, ஆண்டவருக்குரிய நாள் என இரண்டுக்கும் ஒரே சொல். இது தற்செயலாக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. பந்திக்காகத்தானே அந்த நாளில் கூடினார்கள்.

கிறிஸ்தவர்கள் இந்தச் சொல்லைப் புதிதாக உண்டாக்கவில்லை. அக்காலத்து எகிப்தில் கிடைத்த கல்வெட்டுகளிலும் பாப்பிரஸ் ஏடுகளிலும் இது அரசாங்கச் சொல்லாக இருக்கிறது. பேரரசருக்குரிய கருவூலம், பேரரசருக்குரிய கணக்கு என்றெல்லாம் எழுதினார்கள். நம் ஆட்கள் "சர்க்கார் நிலம்" என்கிறார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ரோமப் பேரரசரைக் குறித்துவந்த சொல்லை எடுத்து, ரோம ஆளுநர் சிலுவையில் அறைந்த ஒருவருக்குச் சூட்டியிருக்கிறார்கள். தீவில் தண்டனையாக இருந்த யோவான் அதை எழுதியது சாதாரண துணிச்சல் இல்லை.

அப்புறம் ஒரு கூடுதல் செய்தி. ஆங்கிலத்தில் கோயிலைக் குறிக்கும் "சர்ச்", ஜெர்மனில் "கிர்ஹே", ஸ்காட்லாந்தில் "கிர்க்" எல்லாமே இந்தக் "குரியாக்கோஸ்" வழியில் வந்தவைதான். ஆண்டவருக்குரிய வீடு என்று பொருள்.

நாம கர்த்தர்ங்கறோம், கத்தோலிக்கர் ஆண்டவர்ங்கறாங்க. ரெண்டும் ஒண்ணா?

குறிப்பது ஒருவரையே. "கர்த்தர்" வடமொழியிலிருந்து வந்தது, செய்பவர், படைத்தவர் என்பது அதன் வேர்ப்பொருள். "ஆண்டவர்" ஆளுதலிலிருந்து வந்த தமிழ்ச் சொல். "குரியோஸ்" என்பதற்கு எது நெருக்கம் என்று கேட்டால் ஆண்டவர்தான். எங்கள் சபையில் இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. சரி, காது பழகிய சொல்லை விடுவது கஷ்டம்.

அப்போ ஓய்வுநாள்னு சொல்றது எது?

அது சனிக்கிழமை. சரியாகச் சொன்னால், வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதிலிருந்து சனிக்கிழமை பொழுது சாயும் வரை. எபிரெயத்தில் "ஷப்பாத்". நிறுத்துவது, விட்டுவிடுவது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. தேவன் ஆறு நாள் வேலை செய்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்ற ஆதியாகமச் செய்தியோடு சேர்ந்தது. "ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக" என்ற கட்டளை பேசுவதும் இந்த நாளைப் பற்றியே.

இரண்டும் வேறு வேறு நாள் என்பதைப் பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். மத்தேயு 28:1-ஐ எடுங்கள். "ஓய்வுநாள் முடிந்து, வாரத்தின் முதலாம் நாள் விடிந்துவருகையில்" என்று இருக்கிறது. ஒன்று முடிந்தபிறகுதான் அடுத்தது வருகிறது.

பின்ன ஏன் "ஓய்வுநாள் பள்ளி" ஞாயித்துக்கிழமை நடக்குது?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். முந்தைய பதிலின்படி பார்த்தால் நம் பள்ளியின் பெயரே ஒரு நாள் தள்ளி நிற்கிறது.

காரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அங்கிருந்த பியூரிட்டன் கிறிஸ்தவர்கள், ஓய்வுநாள் கட்டளை ரத்தாகவில்லை, நாள் மட்டும்தான் சனியிலிருந்து ஞாயிறுக்கு மாறியது என்று போதித்தார்கள். 1640-களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை கர்த்தருடைய நாளையே கிறிஸ்தவ ஓய்வுநாள் என்கிறது. ஞாயிறு முழுக்க வேலை கூடாது, விளையாட்டு கூடாது, வேடிக்கை கூடாது. 1795-இல் தொடங்கிய லண்டன் மிஷனரி சங்கத்தில் பெரும்பாலோர் அந்தப் பரம்பரையில் வந்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் சேலத்தில் ஊழியம் செய்ததும் அந்தச் சங்கம்தான். ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாள் என்றே சொல்லி வளர்ந்தவர்கள் இங்கே வந்து வேறு பெயரா வைப்பார்கள்?

பள்ளியின் கதை தனி. இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் 1780-இல் ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி தொடங்கினார். மற்ற ஆறு நாளும் அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். எழுத்துப் படிக்கக் கிடைத்த ஒரே நாள் ஞாயிறு. பாட்டும் மனப்பாட வசனமும் மட்டும்தான் ஓய்வுநாள் பள்ளி என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கத்தோலிக்கக் கோயில்களில் இந்தக் குழப்பம் இல்லை. முன்பு ஞானோபதேசம் என்றார்கள், இப்போது மறைக்கல்வி என்கிறார்கள். கிழமையே பெயரில் கிடையாது.

ஞாயிறுன்னா சூரியன். சூரியன் பேரு வெச்ச நாள்ல ஆராதிக்கலாமா?

தாராளமாக. ஞாயிறு என்பது சூரியனுக்கான பழந்தமிழ்ப் பெயர். ஏழு கிழமைக்கும் கோள்களின் பெயர் வைக்கும் வழக்கம் கிறிஸ்தவத்தோடு வந்ததல்ல. நம் செவ்வாய்ப்பேட்டை செவ்வாய்ச் சந்தையால் பெயர் பெற்ற இடம். அங்கே கடை வைத்திருக்கிறவர் செவ்வாய்க் கிரகத்தைக் கும்பிடுகிறார் என்று யாராவது சொல்வார்களா? சனிக்கிழமை என்றாலும் அதே கோள் வழக்கம்தானே.

2-ஆம் நூற்றாண்டில் ரோமில் இருந்த ஜஸ்டின், சுமார் 155-இல் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில், "சூரியனுடைய நாள் எனப்படும்" நாளில் எல்லோரும் ஓரிடத்தில் கூடுகிறோம் என்று சொல்கிறார். வெளியாருக்குப் புரிய ஊர்ப் பெயர், வீட்டுக்குள்ளே கர்த்தருடைய நாள். போர்ச்சுக்கீசியர் கோள் பெயர்களையே விட்டுவிட்டு திங்கள் முதல் வெள்ளி வரை இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று எண்ணுகிறார்கள்.

மத்த மொழிக்காரங்க எப்படிச் சொல்றாங்க?

லத்தீனில் ஆண்டவர் "தோமினுஸ்", அவருடைய நாள் "தோமினிக்கா". அதிலிருந்து இத்தாலியில் தோமேனிக்கா, ஸ்பானியத்திலும் போர்ச்சுக்கீசியத்திலும் தொமிங்கோ, பிரெஞ்சில் திமான்ஷ். கிரேக்கர்கள் இன்றும் கிரியாக்கி என்கிறார்கள். அது யோவான் எழுதிய அதே சொல். ரஷ்யர்களுக்கு ஞாயிறு என்றால் "உயிர்த்தெழுதல்". மலாய், இந்தோனேசிய மொழிகளில் வழங்கும் "மிங்கு" போர்ச்சுக்கீசிய தொமிங்கோவிலிருந்து வந்தது. மலேசியாவில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே வாரத்துக்கே அந்தப் பெயர்தான்.

இந்த மொழிகள் பலவற்றில் சனிக்கிழமையின் பெயரும் கவனிக்க வேண்டியது. ஸ்பானியத்தில் சாபதோ, இத்தாலியில் சாபத்தோ, ரஷ்யத்தில் சுபோத்தா. மூன்றும் ஷப்பாத்தான். சனியை ஓய்வுநாள் என்றும் ஞாயிறை ஆண்டவரின் நாள் என்றும் அவர்கள் நாட்காட்டியே பிரித்து வைத்திருக்கிறது.

முதல் சபையார் ஞாயித்துக்கிழமை லீவு போட்டுட்டுக் கோயிலுக்குப் போனாங்களா?

இல்லை. முதல் முந்நூறு வருஷம் ரோம ராஜ்யத்தில் ஞாயிறு வேலைநாள். விசுவாசிகளில் அடிமைகளும் கூலிக்காரர்களும் இருந்தார்கள். அதனால் விடிவதற்கு முன்போ இருட்டிய பிறகோ கூடினார்கள். சுமார் 112-இல் பித்தினியா ஆளுநர் பிளினி பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள் என்று இருக்கிறது.

அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்தில் துரோவாவில் வாரத்தின் முதல்நாள் அப்பம் பிட்கக் கூடியிருக்கிறார்கள். பவுல் நடுராத்திரிவரை பேசுகிறார், ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து விழுகிறான். பிரசங்கம் நீளம் என்று அவனைக் காட்டிச் சிரிக்கிறோம். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவனாகவும் இருக்கலாம் என்பதை யாரும் சொல்வதில்லை.

கர்த்தருடைய நாள் என்பது முதலில் கூடிவருகிற நாள், ஓய்வு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இதை மனதில் வைத்தால் கீழே வரும் பல கேள்விகள் எளிதாகும்.

கான்ஸ்டன்டைன் ராஜாதான் சனிக்கிழமையை ஞாயிறா மாத்தினாராமே, யூடியூப்ல சொல்றாங்க?

ரோமப் பேரரசரான அவர் கொண்டுவந்தது விடுமுறை, ஆராதனை அல்ல. 321 மார்ச் 7-இல் அவர் போட்ட சட்டம், "வணக்கத்துக்குரிய சூரிய நாளில்" நீதிபதிகளும் நகரத்தாரும் கைத்தொழில் செய்கிறவர்களும் ஓய்ந்திருக்க வேண்டும் என்றது. கர்த்தருடைய நாள் என்ற பெயர்கூட அதில் இல்லை. 386-இல் வந்த ஒரு சட்டம்தான் சூரிய நாளைச் சொல்லி, முன்னோர் சரியாகவே ஆண்டவர் நாள் என்றார்கள் என்று சேர்த்துக்கொள்கிறது.

ஞாயிறு கூடுகை அதற்கு இருநூறு வருஷம் முந்தியது. ஜஸ்டினை மேலே சொன்னேன். அவருக்கும் முன்னால், 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் பேராயர் இக்னாசியு, இனி ஓய்வுநாளை ஆசரிக்காமல் கர்த்தருடைய நாளின்படி வாழ்கிறவர்களைப் பற்றி எழுதுகிறார். "திதகே" என்ற பழைய சபை ஒழுங்கு நூலும் கர்த்தருடைய நாளில் கூடி அப்பம் பிட்கச் சொல்கிறது.

ஆனால் சனிக்கிழமை ஆராதிக்கிற ஏழாம் நாள் அட்வெந்து நண்பர்களைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஓய்வுநாளை ஞாயிறுக்கு மாற்றுகிறேன் என்று சொல்லும் வசனம் வேதத்தில் எங்கும் இல்லை என்பது அவர்கள் வாதம். அது உண்மை. மாற்றவில்லை, இது வேறு நாள் என்பதுதான் என் பதில். எத்தியோப்பியச் சபை இரண்டு நாளையும் மதிக்கிறது. 4-ஆம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கம் சனிக்கிழமை சும்மா இருக்காதீர்கள், வேலை செய்யுங்கள் என்று விதி போட வேண்டி வந்தது. அதாவது, அதுவரை பலர் ஓய்ந்திருந்தார்கள். "ஓய்வுநாட்களையும் குறித்தாவது, ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக" என்ற கொலோசெயர் 2:16 இரு பக்கத்துக்கும் பொருந்தும்.

இந்தியாவுல ஞாயிறு லீவு கிறிஸ்தவங்களால வந்ததுதானே?

வெள்ளைக்கார அரசாங்க அலுவலகங்களில் அப்படித்தான். ஆனால் ஆலைத் தொழிலாளிக்கு அது தானாக வந்துவிடவில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே பல வருஷம் போராடி, 1890 ஜூனில்தான் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்குச் சம்மதித்தார்கள். அவர் கிறிஸ்தவர் அல்ல, ஜோதிராவ் புலேயின் தோழர்.

காப்பிப் பழம் பறிக்கிற சீசன்ல ஞாயித்துக்கிழமை வேலைக்குக் கூப்பிடறாங்க. போனா பாவமா அக்கா?

ஏற்காட்டிலிருந்து வரும் கேள்வி இது. பழுத்த காப்பிப் பழம் திங்கட்கிழமைவரை காத்திருக்காது, உதிர்ந்துவிடும். கான்ஸ்டன்டைன் சட்டமே விவசாயிகளுக்கு விலக்குக் கொடுத்தது. விதைப்புக்கும் திராட்சை நடவுக்கும் ஏற்ற நாள் தவறிவிடக் கூடாது என்பது அதில் சொன்ன காரணம். லவோதிக்கேயா விதியும் முடிந்தால் ஓய்ந்திருங்கள் என்றுதான் சொல்கிறது. துரவில் விழுந்த எருதை ஓய்வுநாளிலும் தூக்கிவிடுவீர்களே என்று இயேசு கேட்டார் (லூக்கா 14:5).

அதனால் போவது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வருஷம் முழுக்க எல்லா ஞாயிறும் "சீசன்" என்று கூப்பிடுகிற எஸ்டேட் விஷயம் வேறு. அங்கே கேள்வி கேட்கப்பட வேண்டியவர் பறிக்கிறவர் இல்லை. உபாகமம் 5-ஆம் அதிகாரத்தில் இந்தக் கட்டளையைப் படியுங்கள். உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்று முதலாளியைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறது.

எங்க மாமியார் வீடு கத்தோலிக்கர். அவங்க மூணாவது கட்டளைங்கறாங்க, நாம நாலாவதுங்கறோம். எது சரி?

இரண்டும். வேதத்தில் கட்டளைகளுக்கு எண் போடவில்லை. கத்தோலிக்கரும் லூத்தரன்களும் வேறே தேவர்கள், விக்கிரகம் இரண்டையும் ஒரே கட்டளையாக எண்ணி, கடைசியில் இச்சியாதிருப்பதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். நாம் முதலில் பிரித்து, கடைசியில் சேர்க்கிறோம். எப்படி எண்ணினாலும் பத்து வந்துவிடும். மாமியாரோடு இதற்காகச் சண்டை வேண்டாம்.

சனிக்கிழமை சாயந்திரம் பூசை பார்த்தா ஞாயிறு கணக்குல வந்துடுமா?

கத்தோலிக்கருக்கு வரும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாட்களிலும் முழுப் பூசை காண வேண்டும் என்பது திருச்சபையின் கட்டளை. முந்தின நாள் மாலையே பூசையில் பங்கெடுத்தாலும் அந்தக் கடமை நிறைவேறும் என்று 1983-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. சனி, ஞாயிறு என்றால் சுற்றுலாக் கூட்டத்தில் நிமிர நேரமில்லாத ஏற்காட்டு ஓட்டல் பணியாளர்களுக்கும், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இது பெரிய உதவி. இது குறுக்குவழி இல்லை. வேதக் கணக்கில் நாள் பொழுது சாயும்போதே தொடங்குகிறது, ஓய்வுநாள் பற்றிய பதிலில் பார்த்தோம்.

லெந்து 40 நாள்ங்கறீங்க. காலண்டர்ல எண்ணினா 46 வருதே?

நன்றாக எண்ணியிருக்கிறீர்கள். லெந்து என்ற உபவாச காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிவரை 46 நாள். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. உயிர்த்தெழுந்த நாளின் நினைவில் துக்கமாக உபவாசம் இருக்கக் கூடாது என்பது பழைய முறை. 325-இல் நிசேயா சங்கம் ஒரு படி மேலே போய், ஞாயிறுகளில் முழங்கால் போடாமல் நின்றே ஜெபிக்க வேண்டும் என்றது.

எனவே "ஞாயித்துக்கிழமை கறி சாப்பிட்டா லெந்து உடைஞ்சிடுமா" என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. பொருத்தனை செய்துகொண்டவர் தன் பொருத்தனைப்படி இருக்கட்டும்.

ஞாயிறை "எட்டாம் நாள்"னு ஒரு பிரசங்கத்துல கேட்டேன். வாரத்துக்கு ஏழுதானே?

ஏழு நாள் முடிந்து புதுப் படைப்பு தொடங்கும் நாள் என்ற பொருளில் பழைய சபையார் அப்படிச் சொன்னார்கள். பர்னபாவின் பெயரால் வழங்கும் பழைய நிருபம் ஒன்றில் இது இருக்கிறது. பழைய ஞானஸ்நானத் தொட்டிகள் பலவற்றை எட்டுப் பட்டையாகக் கட்டியது இதனால்தான்.

"கர்த்தருடைய நாள் திருடனைப்போல வரும்"னு இருக்கே. அப்போ உலகம் ஞாயித்துக்கிழமையிலதான் முடியுமா?

ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பையன் கேட்டது. பெரியவர்களும் தடுமாறும் இடம் இது. "இரவிலே திருடன் வருகிறவிதமாய்க் கர்த்தருடைய நாள் வரும்" என்று 1 தெசலோனிக்கேயர் 5:2-இல் வாசிக்கிறோம். ஆமோஸ் 5:18-இல் கர்த்தருடைய நாளை விரும்புகிறவர்களுக்கு "ஐயோ" என்று இருக்கிறது, அது வெளிச்சமாயிராமல் அந்தகாரமாயிருக்கும் என்கிறது. ஞாயிறுதோறும் புதுத் துணி உடுத்திக்கொண்டு போகிற நாளையா இப்படிச் சொல்கிறார் என்று குழம்பத்தான் செய்யும்.

இரண்டும் வேறு. கிரேக்கத்தில் வெளி. 1:10-இல் இருப்பது முன்பு பார்த்த "குரியாக்கோஸ்" என்ற உரிச்சொல்லின் "குரியாக்கே" என்ற வடிவம். தெசலோனிக்கேயரில் இருப்பது "குரியூ" என்ற வேற்றுமை உருபு ஏற்ற பெயர்ச்சொல், தீர்க்கதரிசிகள் சொன்ன நியாயத்தீர்ப்பு நாளைக் குறிப்பது. கிரேக்கம் வாசிப்பவருக்கு வடிவமே வித்தியாசம் காட்டிவிடும். தமிழில் இரண்டுக்கும் "கர்த்தருடைய நாள்" என்ற ஒரே வடிவம் அமைந்துவிட்டது. யோவான் சொன்னதும் நியாயத்தீர்ப்பு நாளைத்தான் என்று வாதிடுகிறவர்கள் சிலர் உண்டு. ஆனால் இக்னாசியுவும் திதகேயும் அதே உரிச்சொல்லை வாராந்தர நாளுக்கு வழங்குவதால் அந்த வாதம் எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்தப் பையனுக்குச் சொன்ன சுலபமான வழி இதுதான்: தமிழ் வேதாகமத்தில் "கர்த்தருடைய நாள்" என்று எங்கே பார்த்தாலும் நியாயத்தீர்ப்பு என்று எடுத்துக்கொள், வெளி. 1:10-இல் மட்டும் ஞாயிற்றுக்கிழமை. "அப்போ அடுத்த வாரம் பரீட்சை உண்டுதானா டீச்சர்" என்றான். உண்டு என்றேன்.